அடுப்பு அணையக் கூடாது!

தலைப்பு: கடையைப் புதுப்பிப்பது மூடிவிட்டா? நடத்திக்கொண்டேயா?
அணி: நடத்திக்கொண்டே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ஊரிலுள்ள கடைக்கெல்லாம் பூட்டுப் போடத் துடிக்கின்ற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "ரெண்டே மாசம் மூடுங்க, நிம்மதியா வேலையை முடிங்க, பளபளன்னு திறங்க" என்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. நான் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். அன்றைக்கு யாராவது பட்டினி கிடக்கிறோமா? அம்மா அடுப்பைத் தூக்கிக் கொல்லைப்புறத்திலே வைப்பாள். கூட்டு, பொரியல் எல்லாம் கிடையாது. ஒரு ரசம், ஒரு துவையல். ஆனால் நேரத்துக்குச் சோறு வந்துவிடும்! (கைதட்டல்) வீட்டைப் புதுப்பிக்கலாம், அடுப்பை அணைக்கக் கூடாது. கடைக்கும் அதேதான் நடுவர் அவர்களே.

நம்ம கோயிலைப் பாருங்கள். திருப்பணி என்றால் சாமியைப் பட்டினி போட்டார்களா? பாலாலயம் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். மூலவரின் சக்தியைக் கலசத்திலே இறக்கி, ஒரு சின்ன இடத்திலே எழுந்தருளச் செய்து, கும்பாபிஷேகம் வரைக்கும் அங்கே பூஜை நடக்கும். கோபுரத்திலே சாரம், பிராகாரத்திலே மணல். ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சின்ன இடத்திலே பூஜை குறைவில்லாமல் நடக்கும். கவனியுங்கள், கோயில் முழுக்க அரைகுறையாக இல்லை. ஒரு சின்ன இடத்திலே முழுசாக! இதுதான் சூட்சுமம். (கைதட்டல்)

"தூசிக்குள்ளே எப்படிய்யா பட்டுப்புடவை விற்பது?" என்று எதிரணித் தங்கை கேட்டார். தூசிக்குள்ளே விற்கச் சொல்லவில்லையம்மா! மூன்று மாடிக் கடை என்றால் ஒரு மாடியை மட்டும் கையிலே எடு. நடுவிலே பிளைவுட் தடுப்பு, இடுக்கிலெல்லாம் தார்ப்பாய். டைல்ஸ் வெட்டுவது, சுவர் உடைப்பது எல்லாம் கடை சாத்திய பிறகு ராத்திரியிலே. பில் போடுகிற மேஜைக்குத் தனி மின்சார லைன். காலையிலே ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் துப்புரவு. ஒரு மாடி முடிந்த பிறகுதான் அடுத்த மாடி. மேஸ்திரி "பத்தே நாள்ல முடிச்சுத் தர்றேன் முதலாளி" என்பார். அந்தப் பத்து நாள் எந்த மாசத்துப் பத்து நாள் என்று அவர் சொல்ல மாட்டார்! (பலத்த சிரிப்பு) அதனாலே வேலை முடிய முடியப் பணம். மொத்தமாக முன்பணம் கூடாது.

காலம் பார்த்து இறங்க வேண்டும். பிரியாணிக் கடைக்காரருக்குப் புரட்டாசியை விட நல்ல மாசம் உண்டா? பாதிப் பேர் விரதம். கல்யாண நகை விற்பவருக்கு ஆடி. சீருடை, நோட்டுப்புத்தகம் விற்பவர் மட்டும் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் கடப்பாரையைத் தொடவே கூடாது!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908-இல் திறந்தது. அதைப் புதுப்பிக்க 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடக்கும்போது, "வேலை முடியட்டும், அப்புறம் ஊருக்குப் போங்க" என்றா சொன்னார்கள்? சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றினார்கள், மற்றவற்றை அங்கிருந்தே ஓட்டினார்கள். ரயிலுக்கு முடிந்தது ரவா தோசைக்கு முடியாதா? (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டோம். இப்போது கொஞ்சம் நெஞ்சைத் தொட்டு யோசிப்போம். ரெண்டு மாசம் மூடினால் முதலாளிக்கு வருமானம்தான் போகும். பாத்திரம் துலக்குகிற அம்மாவுக்கு? அன்றாடக் கூலியிலே அரிசி வாங்குகிறவருக்கு ரெண்டு மாசம் என்பது காலண்டரிலே கிழிக்கிற தாள் இல்லை ஐயா, அது அறுபது வேளைச் சோறும் இன்னொரு அறுபது வேளைச் சோறும்! பரோட்டா மாஸ்டர் சும்மா இருப்பாரா? எதிர்க்கடையிலே சேர்ந்துவிடுவார். அவரோடு கைப்பக்குவமும் போகும், அவர் பின்னாலே வாடிக்கையும் போகும். அப்புறம் பளிங்குத் தரை போட்டு என்ன பயன்? வழுக்கி விழவும் ஆள் இருக்காதே! (கைதட்டல்)

"ஆபத்து வந்தால்?" என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி. அதிலே விளையாட்டே கூடாது. 1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின் போது யாகசாலைப் பந்தலிலே தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்காகக் குடமுழுக்கையே விட்டுவிட்டோமா? 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி அதே கோயிலிலே நல்லபடியாக நடந்தது. பாடம் என்ன? தற்காலிகம்தானே என்று அலட்சியம் கூடாது. தற்காலிக ஏற்பாட்டுக்குத்தான் ரெண்டு மடங்கு காவல் வேண்டும். வெல்டிங் பொறி பறக்கிற இடத்திலே துணி மூட்டை இருக்கக் கூடாது. தீயணைப்பு சிலிண்டரோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். அவசர வழியிலே சிமெண்ட் மூட்டை அடுக்கக் கூடாது. தூணையும் உத்தரத்தையும் தொடுகிற வேலையா? அந்த நாலு நாள் மூடு, நானே பூட்டு வாங்கித் தருகிறேன். ஆனால் நாலு நாள் வேலைக்கு ரெண்டு மாசம் பூட்டு எதற்கு? சாரம் கட்டிய பகுதிக்குப் பக்கத்துக் கடையிலே, வீட்டு முற்றத்திலே, ஒரு சின்ன மேஜை போட்டாவது தொழிலை நடத்தலாமே!

கடைசியாக ஒன்று. சாரம் கட்டினால் பெயர்ப்பலகை மறைந்துவிடும். பார்க்கிறவர்கள் "கடையை வித்துட்டாங்க போல" என்று போய்விடுவார்கள். அதனாலே சாரத்துக்கு மேலே பெரிய எழுத்திலே எழுதி வை: "கடை திறந்திருக்கிறது, வழி இந்தப் பக்கம்." வேலை தொடங்கும் முன்பே பக்கத்துக் கடைக்காரரிடமும் வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடு. வந்தவருக்கு ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் மோர், "சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க" என்று ஒரு வார்த்தை. சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், மரியாதைக் குறைவை மட்டும் பொறுக்கமாட்டார்கள்.

சுவர் புதுசானால் கடை அழகாகும். நம்பி வந்தவரும், நம்பி உழைத்தவரும் கூடவே இருந்தால்தான் அது கடையாக இருக்கும். ஆகவே, சுவரை இடியுங்கள், அடுப்பை அணைக்காதீர்கள் என்று சொல்லி, கடையை நடத்திக்கொண்டே புதுப்பிப்பதுதான் சிறந்தது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்! (நீண்ட கைதட்டல்)