சிற்றுண்டியும் சிறார் உடல்நலமும்



சென்ற ஆண்டு விழாவில் சிறார்க்கு வழங்கப்பெற்றவை பொட்டலமிட்ட உருளைக்கிழங்கு வறுவலும் கோலாப் பானமுமாம். அவை பற்றியே யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

திருக்குறளில் மருந்தென்னும் அதிகாரம் மருந்தொன்றின் பெயரையும் கூறாது, பசியையும் உண்ணும் அளவையுமே பெரிதும் கூறுதல் அன்பர் அறிந்ததே. பொட்டலப் பண்டமோ பசியில்லார்க்கும் வேட்கை எழுமாறு உப்பும் எண்ணெயும் கூட்டிச் செய்யப்படுவது. 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. அஃது ஆறு தேக்கரண்டி. பிள்ளையின் பாலில் அத்துணை இடும் தாயை யாம் கண்டிலம்! இந்நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டனரென 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகின்றது. இப்பண்டங்களே முழுக் காரணம் என்பது மிகை. இவற்றிற்குப் பங்கில்லை என்பது பொய்.

நிற்க. இத்தகைய பண்டங்களைப் பள்ளி வாயிலினின்று 50 மீட்டருக்குள் விற்றலாகாதென 2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஆண்டு விலக்கியதை நம் மண்டபத்தில் நாமே வழங்குதல் முறையோ?

பழம் பண்டமெல்லாம் நன்றென்றோமல்லேம். முறுக்கும் அதிரசமும் எண்ணெயிற் பொரிந்தனவே. அவை நாள்தோறும் தின்றற்குரியனவல்ல. சுண்டல், அவித்த வேர்க்கடலை, வாழைப்பழம், நீர்மோர் ஆகியன போதும். கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்தல் வேண்டும், ஆளில்லை என்பர் பந்திப் பொறுப்பாளர். அது மெய்யே. அவ்வேலையை யாமும் எம் மாணாக்கர் சிலரும் ஏற்கின்றோம். வரும் விழாவிற்கு இதனைத் தீர்மானமாக்குமாறு செயற்குழுவாரை வேண்டுகின்றோம்.