தொடக்கத்தை மட்டும் பாடமாக்கினால் போதுமா?

(தோட்ட வாசிகசாலையில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வாசிகசாலைக்குச் சதுரங்கப் பலகை வந்த பிறகு பின்னேரத்தில் உட்கார இடமில்லை. சந்தோசம்தான். ஆனால் பிள்ளைகள் பழகுகிற விதத்தைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். பலபேர் ஆட்டத்தின் தொடக்கத்தை மட்டும் பாடமாக்குகிறார்கள். ராணியையும் மந்திரியையும் வெளியே எடுத்து நாலாவது நகர்த்தலிலேயே ராஜாவை மடக்குகிற வித்தை இருக்கிறதே, அதை வைத்து நேற்றுப் பழகியவனை வெல்லலாம். போட்டிக்குப் போனால் எதிரில் இருக்கிற பிள்ளை ஒரு சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டிவிடும். பிறகு நம்ம பிள்ளை முழிக்கிறது.

கொழுந்து எடுப்பது மட்டும்தான் தோட்ட வேலையா? கவ்வாத்து வெட்டாத மலை என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். உலகச் சம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரெனும் சென்னைப் பையன் குகேசும் தலா ஆறரைப் புள்ளி. குகேசிடம் ஒரேயொரு சிப்பாய் கூட. ஆட்டம் சமனாகும் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்துவிட்டார். குகேஸ் யானையை மாற்றினார், மந்திரியையும் மாற்ற வழி செய்தார். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் என்றால் அந்த ஒரு சிப்பாயே போதும். டிங் தோல்வியை ஒத்துக்கொண்டார். குகேசுக்கு அப்போது 18 வயது.

ஆகவே முடிவாட்டம் படியுங்கள் பிள்ளைகளே. உங்களிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிரியிடம் ராஜா மட்டும் என்று வையுங்கள். சிப்பாயை அவசரப்பட்டு ஓட்டக் கூடாது. ராஜா முன்னால் போக வேணும். சிப்பாய்க்கு முன்னே ராஜா ஆறாம் வரிசையைப் பிடித்துவிட்டால் வெற்றிதான். ஓரத்துச் சிப்பாய்க்கு இது சரிவராது. எதிரி ராஜா மூலைக்கு வந்துவிட்டால் சமன்.

ஒரு மணித்தியாலம் கிடைத்தால் பாதியைப் புதிர்களுக்குக் கொடுங்கள். ஒரே குதிரையால் ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்குவது போன்றவை. கால் மணி முடிவாட்டம். மிச்ச நேரம் நீங்கள் தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்க்க. தொடக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது என் அபிப்பிராயம். புலமைப்பரிசில், ஓ.எல். எழுதும் பிள்ளைகளுக்கு அந்த வருசம் வார நாளில் பலகை வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை தோற்று வந்தால் "ஏன் தோத்த?" என்று அதட்டாதீர்கள். "எங்க தோத்த, காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டால் பரவாயில்லை. காட்டும்போது பிழை எதுவென்று பிள்ளைக்கே விளங்கிவிடும். அதற்கு ஆட்டத்தை எழுதி வைத்திருக்க வேணும். கொப்பி இல்லாத பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்க, அலுமாரியில் இருக்கிறது.