மரம் மழை தருமா? ஒரு மாணவியின் கேள்வி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரகடம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் நீர்ச்சுழற்சிப் பாடத்தை "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று முடிப்பது என் வழக்கம். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"சார், எங்க தெருவுல மரமே இல்ல. ஆனா 2015-ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. மரம் இல்லாமலே அவ்வளவு மழை எப்படி சார் வந்துச்சு?"

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். சொல்ல ஒரு வாரம் ஆனது. நான் பல ஆண்டுகளாகச் சரிக்குறி போட்டுவந்த விடை பாதி உண்மைதான் என்பது அந்த வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

நமக்கு இரண்டு மழைக்காலங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்கு ஈரம் பெரும்பாலும் வங்கக் கடலிலிருந்து வருகிறது. நம் ஊரில் மரம் இருக்கிறதா என்று பார்த்து அது வருவதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததும் அப்படி வந்த மழையே.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையின் கதை வேறு. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிதும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மழைநீரை மலைக்காடுகள் வேரால் உறிஞ்சி, நீராவிப்போக்கின் மூலம் இலைவழியே மீண்டும் காற்றில் விடுகின்றன. காற்று அதைக் கிழக்கே நம்மிடம் கொண்டுவருகிறது. தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கான ஈரத்தில் 25 முதல் 40 விழுக்காடு வரை அந்தக் காடுகள் அளிப்பதாக மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டனர். அமேசான் காட்டிலும் இவ்வாறே மழைநீர் ஆவியாகி மீண்டும் மழையாகிறது என்பதை 1970களில் பிரேசில் அறிஞர் எனியாஸ் சலாட்டி ஆய்ந்து காட்டினார். ஆக, நமக்கு மழை அனுப்பும் மரங்கள் நாம் பார்க்காத மலையில் நிற்கின்றன.

அப்படியானால் நம் ஊர் மரத்துக்கு வேலை இல்லையா? மழை பெய்த பிறகுதான் அதன் வேலை. இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரியது வீரை, பாலை, காசா மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு. நம் பக்கத்து ஊர் இருங்காட்டுக்கோட்டையின் பெயரிலேயே காடு இருக்கிறது. இன்று அங்கே தொழிற்பேட்டை. அந்தத் தொழிற்சாலைகளால்தான் நம் பிள்ளைகளின் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதை மறக்கக் கூடாது. ஆனால் சருகும் வேரும் உள்ள மண் மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் உடனே வழித்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. 2015-இல் அந்த ஏரி நிரம்பி, திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பெருகியது. அதே ஏரி 2019 கோடையில் வறண்டது. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டுகளில் வெள்ளமும் வறட்சியும்! அத்தனை மழையையும் பிடித்துவைக்க எந்த மண்ணாலும் முடியாது. ஆனால் மண்ணுக்குள் இறங்கும் ஒவ்வொரு குடம் நீரும் வெள்ளத்தில் ஒரு குடம் குறைவு, கோடைக் கிணற்றில் ஒரு குடம் கூடுதல்.

இதை வகுப்பில் செய்துகாட்டலாம். தொடக்கநிலையில், இலைகள் உள்ள கிளையில் பாலித்தீன் பையைக் கட்டி, மதியம் பையில் துளிகளைக் காட்டுங்கள். நடுநிலையில், அடியில் துளையிட்ட இரண்டு தட்டுகளைச் சாய்வாக வையுங்கள். ஒன்றில் சருகு மூடிய மண், இன்னொன்றில் இறுக மிதித்த மண். ஒரே அளவு நீர் ஊற்றி, எதிலிருந்து அதிகம் வழிந்தோடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். உயர்நிலையில் ஒரு கணக்கு: 20 அடிக்கு 20 அடி வகுப்பறைக் கூரையில் 47 செ.மீ. மழை பெய்தால் எவ்வளவு நீர்? ஏறத்தாழ 17,000 லிட்டர். அது எங்கே போனது என்று பிள்ளைகளே தேடட்டும்.

என் மாணவிக்குச் சொன்ன விடை இதுதான்: "மலைக்காடு மழையை அனுப்பும், ஊர்க்காடும் ஏரியும் அதைப் பிடித்துவைக்கும்." அவள் விடவில்லை. "அப்போ எங்க தெருவுல யாரு சார் பிடிச்சு வைப்பாங்க?" என்றாள். மறுநாள் வகுப்பையே ஏரிக்கு வரும் கால்வாய் வழியே நடத்திச் சென்றேன். அவள் தெருவின் நீர் எங்கே தடைபடுகிறது என்பதை அவளே கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் வரைந்தாள்.

அந்தப் படத்துக்கு நான் மதிப்பெண் போடவில்லை. ஊராட்சித் தலைவரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு கேள்வி எழுந்தால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் மறக்காமல் சொல்லுங்கள்.