வன்தட்டிடம் கேட்டறிவோம்



தேவிகுளம் மலைச்சரிவுகளில் தேயிலை பயிரிடத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏறிச்சென்ற குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, அந்தத் தாலுகா கேரளத்தில் நிலைபெற்றது. அங்குள்ள பட்டியல் சாதியினர் சாதிச் சான்றிதழ் பெற விழையும்போது, 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே தம் முன்னோர் அங்குக் குடியேறியதைக் காட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது. பாட்டனாரின் தோட்டத்துப் பணிச்சீட்டும், பழைய பள்ளிச் சான்றும் அவர்களுக்குக் கிடைத்தற்கரிய செல்வம். பிற மாநிலங்களில் வாழும் நம் அனைவர்க்கும் இத்தகைய காகிதங்கள் உண்டல்லவா?

இக்காலத்தில் நாம் அவற்றை ஸ்கேன் செய்து, கணினியின் வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், சேமித்து நிம்மதி அடைகிறோம். ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டதும் அதே 1956-இல்தான். 50 தட்டுகள் கொண்ட அப்பெரும் பொறியில் அடங்கியவை ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே.

காகிதம் முதுமையடைந்தால் மஞ்சளாகி நம்மை எச்சரிக்கும். வன்தட்டோ வெளியே மாற்றம் காட்டாமல் ஒருநாள் நின்றுவிடக்கூடும். ஆயினும் அது தன் நலத்தைத் தானே குறித்து வைக்கிறது. நாம் கேட்க வேண்டும், அவ்வளவே.

கேட்கும் முறை எளிது. கேரளப் பள்ளிக் கணினிகளில் பெரும்பாலும் லினக்ஸ் இயங்குவதால், தேவிகுளத்துச் சிறுவருக்கும் 'டெர்மினல்' என்னும் கட்டளைச் சாளரம் புதிதன்று. அதைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, என்டர் விசையை அழுத்துக. தட்டுகளின் பெயர், கொள்ளளவு, பிரிவுகள் யாவும் திரையில் தோன்றும். ஒரு டெராபைட் என்று வாங்கிய தட்டு 931 என்று காட்டினால் ஏமாற வேண்டா. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1024 ஆக எண்ணுகிறது.

அடுத்து, 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்க. பிறகு 'சூடோ', 'ஸ்மார்ட்சிடிஎல்', சிறுகோட்டுடன் 'ஏ' ஆகியவற்றை இடைவெளி விட்டுத் தட்டுக. இறுதியில் சாய்கோடு, 'டிவைஸ்' என்பதன் முதல் மூன்றெழுத்து, மீண்டும் சாய்கோடு, முன்பு திரையில் கண்ட தட்டின் பெயர் ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்க்க. தயாரிப்புப் பெயர், வரிசை எண், இயங்கிய மணிநேரம் அனைத்தும் வெளிப்படும். இவ்விரு கட்டளைகளும் படித்துக் கூறுவனவே. எதையும் அழிப்பன அல்ல.

சுழலும் தட்டாயின், 5-ஆம் எண் வரியையும் 197-ஆம் எண் வரியையும் நோக்குக. முன்னது, பழுதுற்றதால் மாற்றிவைத்த பகுதிகளின் கணக்கு. பின்னது, படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்பவற்றின் கணக்கு. வரியின் இறுதியில் பூஜ்யம் இருப்பது நன்று. எண் தோன்றி வளருமாயின், அன்றே படியெடுத்துவிடுக. மேலே 'பாஸ்ட்' என்று நற்சான்று இருப்பினும் அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

விண்டோஸ் கணினி உடையோர் பவர்ஷெல்லில் 'கெட்', சிறுகோடு, 'பிசிக்கல்டிஸ்க்' என்று சேர்த்துத் தட்டினால், தட்டின் பெயர், நலநிலை, கொள்ளளவு ஆகியவற்றை அறியலாம்.

இறுதியாக ஒன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, தேவிகுளம் தாலுகாவைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் புதையுண்டன. 70 பேரை இழந்தோம். அந்த இழப்புக்கு ஈடில்லை. எந்தத் தட்டும் தான் இருக்கும் வீட்டுக்கு வரப்போகும் இடரை முன்னறிந்து சொல்லாது என்பதையும் அவ்விரவு நினைவூட்டுகிறது. ஆதலின், தட்டின் நலம் கேட்பது பாதிக் கடமை; மற்றொரு படியை வேறோர் ஊரில், உறவினர் இல்லத்தில் வைப்பது மறுபாதி. இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டையும் செய்வோமாக.