காரத்தில் உறுதி பெறும் கடற்பாசி
(தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



பால் மரத்தோடு வாழும் உங்களிடம் கடற்பாசியைப் பற்றிப் பேச வந்தது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. மரத்தில் வடியும் பால் தானாகவே நல்ல ரப்பராகிவிடுவதில்லை என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். பால் உறையாதிருக்க அம்மோனியா என்னும் காரத்தைச் சேர்க்கிறோம். உறைய வைக்கப் பார்மிக் அமிலத்தை ஊற்றுகிறோம். கடற்பாசியின் இயல்போ இதற்கு நேர்மாறானது. காரத்தில் அது உறுதி பெறுகிறது. அமிலத்தில் வலுவிழந்து போகிறது.

நம் நாட்டின் சபா மாநிலத்தில், செம்போர்னாக் கடற்பகுதியில், எழுபதுகளின் இறுதியிலிருந்து ஒருவகைப் பாசி பயிரிடப்பட்டு வருகிறது. அங்குள்ள பஜாவ் மக்கள் பாசித் துண்டுகளை நீண்ட கயிறுகளில் கட்டி, ஆழங்குறைந்த கடலில் மிதக்கவிட்டு வளர்க்கின்றனர். வளர்ந்ததும் அறுத்து வெயிலில் உலர்த்துகின்றனர். அப்பாசிக்குள் இருக்கும் கேராஜீனன் என்னும் பொருளுக்காகவே இத்தனை உழைப்பும். ஐஸ்கிரீம், சாக்லெட் பால், பற்பசை முதலியவற்றில் அது சேர்க்கப்படுகிறது. சாக்லெட் பாலில் கொக்கோத் தூள் அடியில் தங்கிவிடாமல் தாங்கி நிற்பது அதுவே. கடையில் வாங்கும் பொட்டலத்தில் 407 என்னும் எண் அச்சிடப்பட்டிருந்தால், அது இப்பொருளையே குறிக்கும்.

கேராஜீனன் என்பது சர்க்கரைத் துணுக்குகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்த நீண்ட சங்கிலி. அதில் பல இடங்களில் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றுள் சில, இருக்கக்கூடாத இடத்தில் இருந்து சங்கிலியைக் கோணச் செய்கின்றன. இடையிடையே முடிச்சு விழுந்த நார் கயிறாகத் திரிக்க ஒத்துவராதல்லவா? அதுபோலவே கோணிய சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுகிச் சேர்வதில்லை. அத்தகைய பாசியைக் காய்ச்சினால் கூழ் தளர்வாகவே உறையும்.

ஆகவே, ஆலையில் உலர்ந்த பாசியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரக் கரைசலில் இட்டுச் சூடாக்குகின்றனர். காரம் அந்தப் பொருந்தாத சல்பேட்டை மட்டும் கழற்றிவிடுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தில், அதே துணுக்குக்குள் ஒரு சிறு பாலம் உருவாகிறது, கோணல் நிமிர்கிறது. பின்னர்ச் சங்கிலிகள் முறுகிச் சேர, கரைசலிலுள்ள பொட்டாசியமே அவற்றைப் பிணைத்து நிறுத்துகிறது. பாசி அந்தச் சுடுகரைசலிலேயே கரைந்து ஓடாதிருப்பதும் பொட்டாசியத்தால்தான். ஒரே பொருள் இரு வேலை செய்வது வியப்பன்றோ! இனி, அதைப் பலமுறை நீரில் அலசிக் காரத்தைப் போக்கி, உலர்த்தி, அரைத்து விற்கலாம். அலசிய காரநீரை அப்படியே கடலில் விட்டால் அடுத்த பயிருக்கே கேடு. அதைச் சமன்செய்த பின்னரே வெளியேற்ற வேண்டும்.

1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கி அதை உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். நாம் வெட்டும் பால் வண்டிச் சக்கரமாவது அதனால்தான். அங்கே கந்தகம் சேர்ந்து பாலம் அமைக்கிறது. இங்கே கந்தகம் விலகிப் பாலம் அமைகிறது.

ஆனால் ஆலையால் எல்லாக் குறையையும் போக்கிவிட முடியாது. இதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோணிய சங்கிலியைக் காரம் நிமிர்த்தும். அறுந்த சங்கிலியை ஒட்டவைக்காது. மழையில் நனைந்து அழுகிய பாசியில் சங்கிலிகள் அறுந்துவிடுகின்றன. மேலும், உயிருள்ள பாசி தன்னுள் இருக்கும் நொதியைக் கொண்டு இதே கோணலைத் தானே மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொள்கிறது. அதற்குக் காலம் வேண்டும். பணத்தேவையால் 45 நாள் நிறையுமுன் அறுத்தால் இளம்பாசிதான் கிடைக்கும். எடையும் குறைவு, உறுதியும் குறைவு. அவசரத்துக்கு அறுப்பவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அரிசி இல்லாதவருக்கு 45 நாள் நீண்ட காலமே. எனினும் பாசியை வாங்குபவர் ஈரத்தையும் மணலையும் பார்த்தே விலை சொல்கிறார். மங்கில் நீர் கலந்த பாலுக்கு என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பண்டிகைக்கு நாம் காய்ச்சும் அகார்-அகாரும் கடற்பாசிச் சங்கிலியே. ஆதலால் அதற்கும் புளிப்பு ஆகாது. என் வீட்டில் ஒருமுறை எலுமிச்சைச் சாற்றைத் தொடக்கத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டு, விடியும்வரை காத்திருந்தும் அது உறையவில்லை. சூட்டில் அமிலம் சங்கிலிகளை அறுத்துவிட்டது. முதலில் வெறும் நீரில் நன்றாகக் காய்ச்சிக் கரையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியபின், உறைவதற்கு முன் சாற்றைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள்.