ஒளி கசிந்த கதவு



எனது தகப்பனார் 1982 இல் வாங்கிய பென்ரக்ஸ் கே1000 கமரா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 1976 முதல் 1997 வரை தயாரான வகை அது. 2003 இல் அக்காவின் திருமணத்தை அவர் அதனாலேயே படம்பிடித்தார். படங்கள் வந்தபோது சிலவற்றில் செம்மஞ்சள் பட்டை விழுந்திருந்தது. ஒன்றில் அம்மம்மாவின் முகமே அதற்குள் மறைந்துவிட்டது. அவருக்கு அதுவே கடைசிப் படம். ஸ்ரூடியோக்காரர் பிலிமைக் கழுவிக் கெடுத்துவிட்டார் என்று அப்பா சண்டையிட்டார். இறக்கும்வரை அவரோடு பேசவில்லை.

கடந்த வருடம் அந்தக் கமராவின் பின்கதவைத் திறந்தேன். விரலில் தார்போல ஏதோ ஒட்டியது. ஒளி புகாதிருக்கக் கதவின் விளிம்புகளிலும் பிணைச்சலிலும் வைத்த கறுப்பு நுரைப்பஞ்சு அது. அக்காலத்து ஜப்பானியக் கமராக்கள் பலவற்றில் பொலியூரித்தேன் நுரையே இதற்குப் பயன்பட்டது. காற்றின் ஈரம் அதைச் சிதைக்க, பத்திருபது வருடத்தில் பிசினாகிவிடும், அல்லது உதிர்ந்துபோகும். நம் நாட்டு ஈரக்காற்றைச் சொல்லவா வேண்டும்!

பழைய நெகற்றிவ்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வில்லையால் வரும் கூச்சம் படச்சட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். இங்கோ கறை சட்டத்தைத் தாண்டி ஓரத்துத் துளைகள்வரை பரவியிருந்தது. நிறத்துக்கும் காரணமுண்டு. கலர் பிலிமில் சிவப்பை உணரும் படை அடியில், பிலிமின் முதுகுப்புறமாக உள்ளது. பின்கதவால் வரும் ஒளி முதலில் அதைத்தான் தாக்கும். அதைவிட, முற்றத்து வெயிலில் எடுத்த படங்களில் மட்டுமே கறை. மண்டபத்துள் எடுத்தவை சுத்தம். கழுவும்போது வரும் பிழை வெயிலையும் நிழலையும் பிரித்துப் பார்க்குமா?

திருத்துவது பெரிய வித்தையன்று. ஈர்க்கால் பிசினைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஷட்டர் திரை மெல்லிய துணி. அதில் ஒரு துகளும் விழக்கூடாது. அதனால் இரண்டு மாலைகள் சென்றன. ஒடுங்கிய தவாளிப்புகளில் கறுப்புக் கம்பளிநூல், பிணைச்சலில் வெல்வெட் துண்டு. பிறகு ஒரு றோல் முழுவதையும் நடுப்பகல் வெயிலில் எடுத்தேன். கறையில்லை.

நெகற்றிவ்களோடு அந்த ஸ்ரூடியோக்காரரைத் தேடிப்போனேன். வயோதிபராகிவிட்டார். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, யன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, கதவைப் பாருங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான். உங்கட அப்பாதான் கேட்கேல்லை” என்றார். பிறகு, தேநீர் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.