குல்மார்க்கா, ஔலியா?

புளியந்தோப்புக்காரர்களுக்கு ரயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கும் வண்டியின் ஊதல் வீட்டுக்குள்ளேயே கேட்கும். தெருவுக்குத் தெரு ரயில்வே குடும்பங்கள். பாஸ் எடுத்து டில்லி, ஆக்ரா, காசி எல்லாம் பார்த்து முடித்தவர்கள் இப்போது ஒன்று கேட்கிறார்கள்: "பிள்ளைங்க பனியில சறுக்கணும்னு ஆசைப்படுது, எங்க கூட்டிட்டுப் போகலாம்?" பனிச்சறுக்கு என்றதும் நம் நாட்டில் முதலில் வாயில் வருவது இரண்டு ஊர்கள்தான். காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஔலி.

வழியிலிருந்து தொடங்குவோம். ஔலிக்குப் போக, சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை டில்லி. அங்கிருந்து ஹரித்வார், ரிஷிகேஷ். அதற்கு மேல் சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை, காரில் 10 மணி நேரம் ஆகும். தலை சுற்றும் வளைவுகள்தான், ஆனாலும் அலுக்காத வழி. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் இரண்டு நிறத்தில் வந்து கலப்பதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். ஆழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான். பாதை முடியும் ஜோஷிமட்டும் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஔலிக்குப் போகிற வழியிலேயே இரண்டு திவ்ய தேசம் சேவித்துவிடுவார்கள்.

அந்த ஜோஷிமட் இன்று காயப்பட்ட ஊர். 2023 ஜனவரியில் நிலம் இறங்கி, 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது, கனமான கட்டுமானம் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்ணைப் பற்றிய எச்சரிக்கையைத் தள்ளிவிட்டால் கடைசியில் அடிபடுவது அங்கே வீடு கட்டிக் குடியிருக்கும் ஏழைபாழைகள்தான். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் தூரம் காட்டின் மேலாகத் தூக்கிச்சென்ற ரோப்கார் அந்த ஜனவரியில் நின்றது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சாலை வழியாகத்தான் மேலே ஏற வேண்டும்.

குல்மார்க்குக்கு வழி சுருக்கம். ஸ்ரீநகருக்கு விமானத்தில் போய் இறங்கினால் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். ரயிலை விடமாட்டேன் என்பவர்களுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் நேரே கட்ரா வரை போகிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தை அந்த வண்டியில்தான் கடப்பீர்கள். ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் பனிக்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்தப் பாலம் என்பேன்.

இனி பனி. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அப்படித்தான் காஷ்மீருக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள். அந்த ஈரத்தைப் பீர்பஞ்சால் மலைத்தொடர் முன்வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறது. குல்மார்க் அதன் மடியில் இருக்கிறது. ஔலி கிழக்கே தள்ளியிருப்பதால் அங்கே பனி குறைவு, நிச்சயமும் குறைவு. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் ஔலியில் நடந்தன. செயற்கைப் பனி செய்ய ஏரியே வெட்டினார்கள். அப்படியும் பனி போதாமல் போட்டிகள் நின்ற ஆண்டுகள் உண்டு. குல்மார்க்கும் தப்பவில்லை. 2024 ஜனவரியில் கடைசி வாரம் வரை அங்கே புல்தான் தெரிந்தது. ஆகவே எந்த ஊரானாலும் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை உள்ள நாட்களைப் பிடியுங்கள்.

முதல் முறை சறுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் மாட்டும் பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக். கொக்கிகளை இறுக்கியதும் கணுக்கால் அசையாது, நேராக நிற்கவும் விடாது. முழங்காலை மடக்கி, கணைக்காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தும்படி முன்சாய்ந்து நிற்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தீர்களோ, சறுக்குப் பலகை உங்களை விட்டு முன்னே ஓடிவிடும். வேகத்தைக் குறைக்க இரண்டு பலகைகளின் நுனியையும் கிட்டக் கொண்டுவந்து, குதிகாலை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். முதல் நாள் முழுக்க இதுதான் பாடம். இதைப் பொறுமையாகச் சொல்லித்தருவதில் ஔலிக்கு நல்ல பெயர். கார்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்துகிறது. ஒரே நீண்ட சரிவு, அதிகக் கூட்டமில்லை, எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி.

குல்மார்க்கில் கோண்டோலா என்னும் ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டோரி. இரண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டரில் அஃபர்வத் மலையின் தோளில் இறக்கிவிடும். அங்கிருந்து சறுக்குவது தேர்ந்தவர்களின் வேலை. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் கீழே உள்ள புல்வெளிச் சரிவே போதும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு காஷ்மீர் என்றாலே வீட்டில் ஒரு தயக்கம் வருகிறது. அது நியாயமான தயக்கம். கிளம்புமுன் அரசு அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டிலும் வித்தியாசம் உண்டு. ஜோஷிமட் கோயில் ஊர், ரொட்டியும் ராஜ்மாவும்தான் பிரதானம். ஆடுதொட்டிப் பக்கத்தில் வளர்ந்த நாக்குக்கு ஸ்ரீநகரின் ஹரிசா பிடிக்கும். ஆட்டுக்கறியை அரிசியோடு இரவு முழுக்க வேகவைத்து மசித்து, குளிர்கால விடியலில் மட்டும் விற்பார்கள்.

என்னைக் கேட்டால், நாலைந்து நாள் லீவில் குடும்பமாகப் போகிறவர்களுக்குக் குல்மார்க். பத்து, பன்னிரண்டு நாள் கையில் இருந்து, சறுக்கக் கற்றே தீர வேண்டும் என்கிற இளவட்டத்துக்கு ஔலி. கம்பளிக் கோட்டுக்கும் கம்பூட்ஸுக்கும் இங்கே காசைக் கொட்டாதீர்கள், குல்மார்க் போகும் வழியில் தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். கோண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும்.